முன் சீட்டில் ஈரம்

எங்கள் கார் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது, என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு வந்த மழைக்காலத்தில். கார் தண்ணீர் குடிக்காமல் சாராயமா குடிக்கும் என்று கேட்காதீர்கள். இன்ஜின் சூட்டைத் தணிக்க உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் அது உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட வேண்டும், குறையக் கூடாது. எங்கள் காரில் குறைந்தது. காலையில் நிரப்பி அனுப்பினால் மறுநாள் காலையில் இரண்டு விரல் அளவு இறங்கியிருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், தண்ணீர் பார்ப்பதுதான் அந்தக் காரில் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம். அவர் ஆயுசு முழுக்க அடுத்தவர் காரை ஓட்டினவர். வயசான காலத்தில் சொந்தமாக ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். பெற்ற இரண்டு பெண்களைக் குளிப்பாட்டினாரோ இல்லையோ, அதை தினமும் குளிப்பாட்டினார். யாரையும் தொட விடமாட்டார். ஒருநாள் என்ன தோன்றியதோ, பானெட்டைத் தூக்கி, ஓரத்தில் இருந்த வெள்ளை டப்பாவை எனக்குக் காட்டினார். அதில் இரண்டு கோடு, பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்து. நான் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தவள்.

“மேல் கோடு உன் மாமியாரு, கீழ் கோடு உன் மாமனாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல தண்ணி நிக்கணும். காலையில இன்ஜின் ஆறிக் கெடக்க சொல்லோ பாரு. சூட்டுல மூடியைத் தொறந்த, மூஞ்சி வெந்துடும்.”

“வெந்தா இன்னா? நீ வேற ஒருத்தியைக் கட்டிக்குவ.”

“கட்டிக்கலாம். வர்றவ மாமனாரை ஒழுங்கா பாத்துப்பாளான்னு தெரியாதே.”

அவர் போன பிறகும் அந்த உத்தியோகத்தை நான் விடவில்லை. காலையில் அவருக்குக் காப்பி கொடுத்த நேரத்துக்கு இப்போது காருக்குத் தண்ணீர். மூத்தவள் கல்யாணம் ஆகி ஓசூரில் இருக்கிறாள், இரண்டு பேரப்பிள்ளைகள். சின்னவள் என்னோடு இருக்கிறாள். ஹெப்பகோடியில் ஒரு பேக்டரியில் வேலை. பெங்களூரில் ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாக்களுக்குப் பின்னால், ரயில் போனால் அலமாரிப் பாத்திரம் ஆடுகிற எங்கள் சந்திலிருந்து தினமும் அந்தக் காரில்தான் போய் வந்தாள். அவள் ஓட்ட ஆரம்பித்ததும் சட்டம் மாறியது. இனிமேல் போர் தண்ணீர் ஊற்றக் கூடாது, கடையில் கேனில் விற்கிற பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றாள். கூலன்ட்டாம். சரி, மாமனார் மாமியாருக்கு நடுவில் எந்தக் கலர் நின்றால் எனக்கென்ன?

குறைகிறது என்று தெரிந்ததும் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காருக்கு அடியில் விரித்தேன். ஒழுகினால் காட்டிக்கொடுக்கும் அல்லவா? விடிந்ததும் குனிந்து இழுத்துப் பார்த்தேன். அட்டை காய்ந்து கிடந்தது. ஒரு பூனை படுத்து எழுந்த ரோமம் மட்டும் இருந்தது.

எதிரில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிற பெண் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கன்னடத்துக்காரி, தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவாள்.

“இன்னாக்கா, காருக்கு பாய் விரிக்கிறியா?”

“தண்ணி குறையுதுடி. கீழயும் காணோம்.”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “கீழ இல்லன்னா உள்ள யாரோ குடிக்கிறாங்க. தாகத்தோட போனவங்க யாராவது இருக்காங்களா உங்க வீட்ல?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் தாகத்தோடு போனவர்தான். சர்க்கரை வியாதிக்காரருக்குத் தாகம் தீரவே தீராது. கடைசி நாட்களில் சொம்பைக் கீழே வைக்க விடமாட்டார். அது அவளுக்குத் தெரியாது.

அந்த வாரமே சின்னவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

“ம்மா, காருக்குள்ள ஒரு வாசனை வருது. வெல்லப்பாகு காச்சற மாதிரி. தலை வலிக்குது. அதும் இல்லாம முன் கண்ணாடி உள்பக்கம் பனி பிடிக்குது. வெயில்லகூட பிடிக்குது. துடைச்சா பிசுக்குன்னு ஒட்டுது, மறுபடி வருது.”

“ஏசி போடு.”

“போட்டாலும் வருதும்மா. பக்கத்து சீட்ல யாரோ உக்காந்து கண்ணாடி மேல மூச்சு உடற மாதிரி இருக்கு.”

நான் அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் வேலை முடிந்து வந்த சாயங்காலம், சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன்.

அவர் மூச்சு. கடைசி மாதங்களில் சர்க்கரை ஏறி அவர் மூச்சில் ஒரு தித்திப்பு வாசம் வந்தது, கனிந்து கறுத்துப்போன பழம் மாதிரி. ஆஸ்பத்திரியில் டாக்டர்கூட முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பக்கத்தில் படுத்தவள் நான். அதே வாசம், அதே அளவு. காருக்குள் யாரும் இல்லை.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். காலை வைத்ததும் உள்ளங்கால் சில்லென்றது. கீழே விரித்த கார்ப்பெட் நனைந்திருந்தது. குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்து யாரோ உட்கார்ந்து எழுந்து போன மாதிரி, காலை வைக்கிற இடம் மட்டும் ஈரம். டிரைவர் பக்கம் காய்ந்து கிடந்தது.

அந்த நேரம் பார்த்து முன்னால் பானெட்டுக்குள் “ஹூம்ம்” என்று ஒரு பெருமூச்சு கிளம்பியது. சாவி என் மடியில் இருக்கிறது. இன்ஜின் நின்று எவ்வளவோ நேரமாகிவிட்டது. பயப்படுகிறவர்கள் பயந்துகொள்ளுங்கள், எனக்கு அந்தச் சத்தம் தெரியும். சூடு மிச்சம் இருந்தால் காற்றாடி தானே சுற்றும், வண்டி நின்றிருந்தாலும் சுற்றும். தெரியாமல் அதில் கையை விட்டுத்தான் அவர் இடது கை மோதிர விரலில் பாதியைக் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்து, “மோதிரம் போட சொல்லி உங்கப்பன் கேட்டான் பாரு, இனிமே கேக்க சொல்லு” என்றார். இதையெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் நிமிர்ந்தேன்.

சாயங்கால வெயில் முன் கண்ணாடியில் சாய்வாக விழுந்திருந்தது. கண்ணாடி முழுக்கப் பாலாடை படிந்த மாதிரி மங்கல். எனக்கு நேர் எதிரே அந்த மங்கலில் ஒரு உள்ளங்கை. மழையில் அவர் ஓட்டிக்கொண்டே இடது கையை நீட்டி, நான் ரோடு பார்க்க வேண்டும் என்று என் பக்கம் ஒரு இழுப்பு இழுத்துத் துடைப்பார். அந்த இழுப்பு. நான்கு விரல் கோட்டில் மூன்று நீளம், மோதிர விரல் கோடு பாதியில் நின்றிருந்தது.

என் கையை அதன் மேல் வைத்துப் பார்க்கப் போனேன். வைக்கவில்லை.

அன்றைக்கு இரவு சாப்பிடும்போது சின்னவள், காரை விற்றுவிடலாம் என்று ஆரம்பித்தாள்.

“வாசனையோட யாரு வாங்குவான்? பழைய இரும்பு குஜிரியில உடைக்கப் போட்டா இரும்பு விலையாவது வரும்.”

“ஒரு வாரம் இரு.”

“எதுக்கு?”

எதுக்கு என்று எப்படிச் சொல்வது? ஓட்டை என்றால் அடைக்கலாம். ஓட்டை இல்லை, அவர்தான் வந்து உட்காருகிறார் என்றால்? அடைத்தால் அவர் எங்கே போவார்? அடைக்காவிட்டால் என் பெண் கண்ணைக் கட்டிக்கொண்டு ஹெப்பகோடிவரை போய்வர வேண்டும். புருஷனா பெண்ணா என்று கேட்டால் எந்தத் தாயும் பட்டென்று சொல்லுவாள். நான் ஒரு வாரம் யோசித்தேன். யோசிக்கிற சாக்கில் தினமும் சாயங்காலம் அந்த ஈரத்தில் கால் வைத்து உட்கார்ந்தேன். “உள்ளேயே இருக்கியே, வீட்டுக்கு வரக்கூடாதா? கரண்ட் பில்லு கட்டணும்னு பயமா?” என்று கேட்டேன். உயிரோடு இருந்தபோதும் அந்தக் கேள்விக்குப் பதில் வராது.

அந்த வாரம் முடிகிற சமயத்தில் ஒரு மழை நாளில் சின்னவள் வீட்டுக்குள் வந்து, செருப்பைக்கூட கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஓசூர் ரோட்ல ஒண்ணுமே தெரியலம்மா. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கண்ணாடி பூரா ஒரே நொடியில மூடிக்கிச்சு. முன்னாடி லாரி நின்னுட்டான், அவன் சிவப்பு லைட்டுகூட தெரியல. ஹாரன் சத்தத்தை வெச்சு பிரேக் புடிச்சேன். எறங்கிப் பாத்தா, லாரிக்கும் நம்ம வண்டிக்கும் நடுவுல கை நொழையாது.”

தண்ணீர் கொடுத்தேன். சொம்பு அவள் பல்லில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. என் ஒரு வார யோசனை அந்தச் சத்தத்தில் முடிந்தது. அவராகவே இருக்கட்டும். பெற்ற பெண்ணை லாரிக்கு அடியில் அனுப்புகிற மனுஷனுக்கு என் வீட்டுக் காரில் இடம் கிடையாது.

மறுநாள் மூலையில் இருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவர் ஒன்றையும் கழற்றவில்லை. ஈரத்தில் விரலை வைத்து எடுத்துக் காட்டினார். பச்சை. தித்திக்குமா என்று பார்க்க நானும் ஈரத்தைத் தொட்டு விரலை நாக்குக்குக் கொண்டுபோனேன். சின்னவள் கையில் ஒரு அடி போட்டாள்.

“விஷம்மா அது! தித்திக்கும், குடிச்சா ஆள் காலி.”

“ஹீட்டர் ஓட்டைம்மா,” என்றார் மெக்கானிக். “டேஷ்போர்டுக்கு உள்ள குட்டி ரேடியேட்டர் மாதிரி ஒண்ணு இருக்கும். சுடு தண்ணி அதுக்குள்ள போய் வரும். அது பொத்துக்கிச்சு. சொட்டறதெல்லாம் இங்க கார்ப்பெட்ல. ஆவி கண்ணாடி மேல.”

“ஹீட்டரா? பெங்களூருல எவன் கார்ல குளிர் காய்வான்?”

“நாம காயறதில்லம்மா. கம்பெனிக்காரன் வெச்சு அனுப்பிடறான். அண்ணன் எந்தத் தண்ணி ஊத்தினாரு?”

போர் தண்ணீர்தான் ஊற்றினார். கேன் தண்ணீரெல்லாம் கம்பெனிக்காரன் கட்டின கதை என்பார். காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற சந்தில் அதைக் காருக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. வெந்நீர்ப் பானையில் வெள்ளை வெள்ளையாக அடை கட்டும். ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் கலசத்துத் தண்ணீர், மஞ்சளும் மாவிலைத் துணுக்குமாக, ரேடியேட்டர் வாயில் ஊற்றிக் கும்பிடுவார். கலசத் தண்ணீர் கால் படுகிற இடத்தில் விழக்கூடாதாம். பாவி மனுஷன், தான் வந்து உட்கார வேண்டிய ஓட்டையைத் தானே உப்புப் போட்டு அரித்து வைத்திருக்கிறார்.

டேஷ்போர்டைப் பிரித்துப் புதுசு மாற்றினால் பல நாள் வேலையாம். இல்லையென்றால் ஹீட்டருக்குப் போகிற குழாயையும் அங்கிருந்து வருகிற குழாயையும் கழற்றி, நடுவில் ஒரு பித்தளைத் துண்டு வைத்து ஒன்றோடு ஒன்று சேர்த்துவிடலாம். ஹீட்டர் தனியாகக் கிடக்கும், மற்றதெல்லாம் ஓடும். மெக்கானிக் தன் மச்சான் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், வர நாளாகும் என்றார். சின்னவள், “நாமளே செய்யலாம்மா” என்றாள். போனில் எவனோ செய்ததை மூன்று தடவை பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இன்ஜின் ஜில்லென்று ஆறிக் கிடந்தபோது ஆரம்பித்தோம். மூடிக்கு மேல் துணியைப் போட்டு மெதுவாகத் திருப்பினாள். ரேடியேட்டர் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தியதும் நான் வைத்த பிளாஸ்டிக் டப்புக்குள் கொட்டியது. பச்சை என்று பார்த்தால் பாதி டீ கலர். வெள்ளை வெள்ளையாக உப்புச் செதில். அப்புறம் மஞ்சளாக ஒரு வண்டல். எத்தனை ஆயுத பூஜை அதில் இருந்ததோ. சந்து நாய் ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. தித்திப்பு அதையும் கூப்பிட்டிருக்கிறது. டப்பை எடுத்து மூடி உள்ளே வைத்தேன்.

“இன்னாக்கா, பிரசவம் பாக்கறீங்களா?” என்றாள் இஸ்திரிக்காரி.

“வாடி, தலையைப் புடி.”

குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றி ஊற்றி, தெளிவாக வரும்வரை அலசினோம். பிறகு அந்த இரண்டு குழாய். ஒன்று சுலபமாக வந்தது. இன்னொன்று வரவே இல்லை. சின்னவள் இழுத்தாள், திருகினாள், திட்டினாள். நான் இழுத்தேன். அது உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி நின்றது.

“விடு,” என்றேன். சின்னவள் கையை எடுத்தாள். நான் சொன்னது அவளிடம் இல்லை.

அடுத்த இழுப்புக்கு வந்துவிட்டது. பித்தளைத் துண்டை வைத்து இரண்டு பக்கமும் கிளிப்பை முறுக்கினாள். புதுப் பச்சைத் தண்ணீரை ஊற்றி, மூடியைத் திறந்தபடியே வைத்து இன்ஜினைப் போட்டாள். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியே வர வேண்டுமாம். வராவிட்டால் தண்ணீர் ஓடாது, இன்ஜின் வெந்துவிடும்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ரேடியேட்டர் வாயில் ஒரு குமிழ் வந்து உடைந்தது. களக். நின்றது. மறுபடி, களக். இடைவெளி விட்டு இன்னொன்று. அந்தச் சத்தத்தை நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அவர் போன காலையில், அதே தொண்டைச் சத்தம், அதே இடைவெளி. அடுத்தது வருமா வராதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது என் உடம்புக்கு ஞாபகம் இருந்தது. பம்பரைப் பிடித்துக்கொண்டேன். சின்னவளைப் பார்த்தேன். அவளும் அன்றைக்கு அவர் பக்கத்தில் இருந்தவள்தான். உதடு வெளுத்து நின்றாள்.

“ம்மா,” என்றாள் மெல்ல. “பெரிய குழாயை அமுக்கி உடணும். அப்பத்தான் மிச்சம் இருக்கறது வெளிய வரும். நான் ஆக்ஸிலேட்டரைப் புடிக்கணும். நீதான் செய்யணும்.”

செய்தேன். காற்றாடிப் பக்கம் கை போகாமல் மேல் குழாயைப் பிடித்து அமுக்கி விட்டேன். ரப்பர் வெதுவெதுப்பாக, கெண்டைக்கால் மாதிரி இருந்தது. கால் வலிக்கிறது என்று அவர் நீட்டுவார், நான் திட்டிக்கொண்டே பிடித்து விடுவேன். அதே அமுக்கு. களக். களக். “போய்யா,” என்றேன், இன்ஜின் சத்தத்துக்கு அடியில். “ரோடு தெரியணும் அவளுக்கு. போ.”

ஒரு பெரிய குமிழ் எழுந்து வந்து உடைந்தது. தித்திப்பாக ஒரு பெருமூச்சு என் முகத்தில் அடித்தது. தண்ணீர் சட்டென்று ஒரு சாண் இறங்கியது. ஊற்றினேன், நின்றது. அதற்குப் பிறகு ஒரு குமிழ்கூட வரவில்லை. மூடியைப் போட்டோம்.

சின்னவள் சோப்புத் தண்ணீரும் பேப்பரும் எடுத்துவந்து முன் கண்ணாடியை உள்பக்கம் துடைத்தாள். தன் பக்கம் முடித்து என் பக்கம் வந்ததும் கை நின்றது.

“இதைத் துடைக்கட்டுமாம்மா?”

அவளுக்கும் தெரிந்திருக்கிறது! நான் அவளைப் பார்த்தேன்.

“எண்ணெய்க் கையோட தொட்டா அந்த இடத்துல ஆவி வேற மாதிரி படியுமாம்,” என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். “பழைய கைதான். போன்ல போட்டிருக்கான்.”

“போன்ல எல்லாம் போட்டிருப்பான். குடு இங்க.” நானே துடைத்தேன்.

சூடு ஏறுகிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். ஓசூருக்கே போய்ப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். கார்ப்பெட்டை எடுத்துவிட்டதால் காலுக்குக் கீழே வெறும் தகரம், காய்ந்து கிடந்தது. வாசனை இல்லை. கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குத் தெளிவு. ஹெப்பகோடி தாண்டினோம். காருக்குள் இரண்டே பேர்தான் இருந்தோம் என்பது அவ்வளவு நன்றாகத் தெரிந்தது.

“ம்மா. நான் தினமும் போவ சொல்லோ அப்பாகிட்ட பேசிக்கினுதான் போவேன்.”

“இன்னா பேசுவ?”

“எல்லாம். வேலை, சூப்பர்வைசர், உன் தொல்லை.”

“என் தொல்லை அவருக்குத் தெரியாதா? புதுசா ஏதாவது சொல்லுவியா?”

அவள் கியர் மாற்றினாள். “எங்க பேக்டரியில ஒருத்தரு இருக்காரு. மண்டியாகாரரு. என்னைக் கட்டிக்கணும்னு கேக்கறாரு.”

“அப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“இன்னா சொன்னாரு?”

“கண்ணாடி பூரா மூடிக்கிச்சு.”

சிரிக்க வாயைத் திறந்தவள் அவளைத் திரும்பிப் பார்த்தேன். “லாரி நின்ன அன்னிக்கா?”

“அன்னிக்குத்தான். பேரைச் சொல்லி முடிக்கல.”

ஜன்னலை இறக்கிவிட்டேன். வெளியே டீசல் புகையும் வறுத்த கடலை வாசனையும் வந்தது. அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரக்கண்ணால் பக்கத்து சீட்டை, என்னை, ஒரு தடவை பார்த்தாள். இத்தனை நாள் அந்த சீட்டைப் பார்த்து எத்தனை பேசியிருப்பாள்! எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

“அவரு போயிட்டாருடி. இனிமே இந்த சீட்ல நான்தான். எனக்கு மூடத் தெரியாது, வாயையே மூடத் தெரியாது. என்கிட்ட சொல்லு.”

“நீ கிண்டல் பண்ணுவ.”

“பண்ணுவேன். சொல்லு. ஆளு எப்படி, மீசை இருக்கா?”

“ம்மா!”

“சரி, கேக்கல. முதல்லேர்ந்து சொல்லு.”

அத்திபெலே டோல்கேட்டில் வரிசை நீளமாக நின்றது. முன்னால் ஒரு லாரி. அதற்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, என் பக்கம் திரும்பி, அவன் பேரைச் சொல்ல ஆரம்பித்தாள்.